ரிங்கு சிங்கின் இடது முழங்கை

தலைப்பைப் பார்த்ததும் நீங்க நினைக்கற ரிங்கு சிங் இவர் இல்லைங்க. ஏப்ரல் 2023-ல குஜராத் டைட்டன்ஸுக்கு எதிரா கடைசி ஓவர்ல தொடர்ந்து அஞ்சு சிக்ஸர் அடிச்சாரே, அந்த அலிகார் ரிங்கு சிங் வேற. அவரைப் பத்தி எழுத ஊருக்குப் பத்து பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது அதே உத்தரப் பிரதேசத்துல, பதோஹி மாவட்டத்துல பொறந்த இன்னொரு ரிங்கு சிங். இவரும் இடது கைக்காரர்தான். ஆனா கையில மட்டை கிடையாது, பந்து. அதுவும் பேஸ்பால் பந்து.

"பேஸ்பாலா? அதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு நீங்க கேக்கறது காதுல விழுது. போன மாசம் வரைக்கும் எனக்கும் பெருசா சம்பந்தம் கிடையாது. இப்ப ராத்திரி பன்னெண்டு மணிக்கு உட்கார்ந்து அமெரிக்க மைனர் லீக் புள்ளிவிவரம் படிச்சிட்டு இருக்கேன்னா அதுக்குக் காரணம் என் அக்கா பையன். அந்தக் கதை கொஞ்சம் கழிச்சு.

முதல்ல ரிங்கு.

அப்பா லாரி டிரைவர். வீட்ல ஒன்பது பிள்ளைங்க. ரிங்கு ஈட்டி எறியறவர். லக்னோவுல இருக்கற குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரி மாணவர். அதே கல்லூரியில தினேஷ் படேல்னு இன்னொருத்தர், வாரணாசி பக்கத்துக்காரர், அவரும் ஈட்டி. 2007-08ல ஜே.பி. பெர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஒரு போட்டி நடத்தினார். விஷயம் ரொம்ப சிம்பிள். பேஸ்பாலை எடு, எறி, வேகம் பார்க்கற கருவி எண்ணைக் காட்டும். யார் வேகமா, நேரா எறியறாங்களோ அவங்களை அமெரிக்கா கூட்டிட்டுப் போவாங்க. முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல எறிஞ்சு பார்த்தாங்களாம். கடைசியில ஜெயிச்சவர் ரிங்கு. மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அடுத்து வந்தவர் தினேஷ்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, கிரிக்கெட் நாட்டுல போட்டி வெச்சு ஜெயிச்ச ரெண்டு பேரும் கிரிக்கெட் பவுலர் இல்ல. யோசிச்சுப் பார்த்தா காரணம் புரியும். கிரிக்கெட்ல பந்து போடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல நீளக் கூடாது, நீண்டா 'எறியறான்'னு புகார். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனையே 2015-ல ரஞ்சியில அறிமுகமானதும் பந்துவீச்சு சந்தேகத்துக்குரியதுன்னு புகார் பண்ணாங்க. மனுஷன் தன் ஆக்‌ஷனையே மாத்திக்கிட்டுத் திரும்பி வந்தார். ஆனா பேஸ்பால்ல எறியறதுதான் தொழிலே. முழங்கையை மடக்கி, இடுப்பைத் திருப்பி, தோள் வழியா சாட்டை மாதிரி சொடுக்கணும். ஈட்டி எறியறவன் உடம்புக்கு அந்தச் சொடுக்கு ஓரளவு பழக்கம்.

அமெரிக்காவுல டாம் ஹவுஸ்னு ஒரு கோச்கிட்ட சேர்த்தாங்க. முன்னாள் பிட்ச்சர். 1974-ல ஹேங்க் ஆரன் 715-வது ஹோம் ரன் அடிச்சு பேப் ரூத் சாதனையை முறியடிச்சப்ப, அந்தப் பந்தைப் பிடிச்சவரு இவர்தான் :-) இவர்கிட்ட ரெண்டு பேரும் ஒரு சில மாசத்துல அடிப்படையிலேர்ந்து கத்துக்கிட்டாங்க. பேஸ்பாலும் கத்துக்கணும், இங்கிலீஷும் கத்துக்கணும். நவம்பர் 2008-ல அரிசோனாவுல தேர்வாளர்கள் முன்னாடி எறிஞ்சு காட்டினாங்க. அதே மாசம் 24-ம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணிச்சு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்ல ஒப்பந்தமான முதல் இந்தியர்கள்.

2014-ல டிஸ்னி இதைப் படமா எடுத்தாங்க. நம்ம ரஹ்மான் இசை. படம் அந்தக் கையெழுத்தோட முடிஞ்சிடுது. எல்லாரும் கை தட்டிட்டு எழுந்து போகலாம்.

எனக்கு அங்கதான் ஆர்வமே வந்துச்சு. ஏன்னா ஒருத்தனோட கேரியர்ங்கறது ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்ட அடுத்த நாள்தானே ஆரம்பிக்குது. கேம்பஸ்ல வேலை கிடைச்சதோட படம் முடியும்னா நாங்க எல்லாருமே ஹீரோதான்.

அமெரிக்க பேஸ்பால்ல ஒப்பந்தம் ஆனா நேரா டிவியில வர்ற மேட்ச் ஆட முடியாது. கீழேர்ந்து படி ஏறணும். அப்ப இருந்த ஏணியில ஏழு படி. ரூக்கி லீக், ஷார்ட் சீசன் ஏ, லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, அதுக்கப்புறம் மேஜர் லீக். (2021-ல இந்த ஏணியை மாத்தி அமைச்சுட்டாங்க, ஷார்ட் சீசன் இப்ப இல்ல.)

எங்க மாமாவுக்கு இதை விளக்கறப்ப இப்படிச் சொன்னேன்: "சென்னையிலேர்ந்து திருச்சி பஸ்ல ஏறிட்டோம்னு வெச்சுக்குங்க. திருச்சிதான் மேஜர் லீக். செங்கல்பட்டு முதல் படி. மேல்மருவத்தூர் ரெண்டு. திண்டிவனம் மூணு. விழுப்புரம் நாலு. உளுந்தூர்பேட்டை அஞ்சு. பெரம்பலூர் ஆறு. அப்புறம்தான் திருச்சி. ஏர்ற கூட்டத்துல முக்காவாசிப் பேரை வழியிலேயே இறக்கி விட்டுடுவாங்க."

ஜூலை 4, 2009 அன்னிக்கு ரெண்டு பேரும் முதல் முறையா ஃப்ளோரிடாவுல ஒரு ரூக்கி லீக் மேட்ச்ல எறிஞ்சாங்க. ஒன்பது நாள் கழிச்சு, ஜூலை 13-ம் தேதி, ஒரு மேட்ச்சோட வெற்றி ரிங்கு பேர்ல பதிவாச்சு. ஆனா முதல் வருஷம் உண்மையில நல்லா எறிஞ்சது தினேஷ்தான். பிட்ச்சரை எடை போட ஈ.ஆர்.ஏ.ன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் விட்டுக் குடுக்கறார்ங்கறது. குறைவா இருந்தா நல்லது. அந்த வருஷம் தினேஷுக்கு 1.42. ரிங்குவுக்கு 5.84. இந்த ரெண்டு நம்பரை மட்டும் காட்டி "யாரை வெச்சுக்கலாம்?"னு கேட்டா நீங்களும் நானும் தினேஷைத்தான் சொல்லியிருப்போம்.

அடுத்த வருஷம் தலைகீழ். தினேஷ் தடுமாறினார். டிசம்பர் 2010-ல அவரை விடுவிச்சுட்டாங்க. இந்தியா திரும்பிட்டார். ரெண்டே சீசன். பஸ் செங்கல்பட்டைத் தாண்டறதுக்குள்ள இறங்கியாச்சு.

ரிங்கு ஏறிட்டே இருந்தார். 2011-ல டொமினிகன் குடியரசு, பென்சில்வேனியாவுல ஸ்டேட் காலேஜ், அப்புறம் மேற்கு வர்ஜீனியா. சீசன் இல்லாத மாசத்துல ஆஸ்திரேலியா போயும் எறிஞ்சார். 2012 முழுக்க மேற்கு வர்ஜீனியா பவர் அணி. லோ ஏ. அதாவது நம்ம திண்டிவனம். 39 மேட்ச், ஈ.ஆர்.ஏ. 3.00. அஞ்சு வருஷம் முன்னாடி பேஸ்பாலைக் கையாலயே தொட்டிராத ஒரு ஆளுக்கு இது சாதாரண நம்பர் இல்ல.

சம்பளத்தையும் சொல்லிடறேன். மில்லியன் டாலர்னு பேரைக் கேட்டு யாரும் பொறாமைப்பட வேண்டாம். 2020 வரைக்கும் ஏ நிலை வீரர்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் வாரத்துக்கு 290 டாலர். அதுவும் சீசன் நடக்கற மாசங்களுக்கு மட்டும்தான். மைனர் லீக் வீரர்களுக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு வந்ததே 2022-ல. அதுக்கு அடுத்த வருஷம்தான் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டு லோ ஏ சம்பளத்தை வருஷத்துக்கு 26,200 டாலர்னு ஆக்கினாங்க. ரிங்கு ஆடினதெல்லாம் அதுக்கு முன்னாடி.

இப்ப முழங்கைக்கு வருவோம்.

2013-ல ரிங்குவுக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை. முழங்கையோட உள்பக்கம் ரெண்டு எலும்பையும் பிடிச்சு வெச்சிருக்கற ஒரு லிகமென்ட் உண்டு. வேகமா எறியும்போது முழங்கையைப் பிய்க்கற அத்தனை விசையையும் தாங்கறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. தினமும் இழுபட்டு இழுபட்டு, நூல் நூலா பிரிஞ்சு, ஒரு நாள் அறுந்துடும். அறுந்தா அந்தக் காலத்துல பிட்ச்சர் வேலை அதோட முடிஞ்சது. 1974-ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான்ங்கற பிட்ச்சருக்கு உடம்புல வேற இடத்துலேர்ந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில எலும்புல துளை போட்டுக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் ஒரு வருஷம் ஆடல. 1976-ல திரும்பி வந்தவர் 1989 வரைக்கும் எறிஞ்சு, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 வெற்றி. அதனால அந்த சிகிச்சைக்கே அவர் பேர்.

ஆனா எல்லாரும் டாமி ஜான் ஆயிட மாட்டாங்க. திரும்பி எறிய ஒரு வருஷத்துலேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகும். ரிங்கு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணார். 2012-க்கு அப்புறம் ஒரு லீக் மேட்ச்ல கூட அவரால எறிய முடியல. 2014-ல உலகம் பூரா தியேட்டர்ல அவர் கதைக்குக் கை தட்டினப்ப, நிஜ ரிங்கு கைக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்தார். இதை நினைச்சா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. 2016-ல பேஸ்பால் முடிஞ்சது. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் நாப்பது கிலோமீட்டருக்குள்ளதான். பஸ் அங்க போய்ச் சேரல.

அப்புறம் 2018-ல டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துல சேர்ந்து, வீர் மஹான்ங்கற பேர்ல வந்தார். ஆறடிக்கு மேல உயரம், நெத்தியில பட்டை, பெரிய தாடி. 2024 ஏப்ரல்ல அங்கேர்ந்தும் விடுவிச்சாங்க. அது தனிக் கதை.

சரி, அக்கா பையன்.

திண்டிவனத்துல ஒன்பதாவது படிக்கறான். வயசு பதினாலு. மூங்கில் கம்புல ஆரம்பிச்சு இப்ப நிஜ ஈட்டி எறியறான். குறுவட்டப் போட்டியில முதல் இடம், மாவட்டத்துல ரெண்டாவது. விழுப்புரம் மாவட்ட விளையாட்டு மைதானத்துல விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறாங்க, அனுப்பலாம்னு பி.இ.டி. சார் சொல்லியிருக்கார். எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) குட்டியானை ஓட்டறவர். சீசனுக்கு தர்பூசணி, மத்த நாள்ல மணிலா மூட்டை, செங்கல்னு எது கிடைச்சாலும் ஏத்துவார். அவருக்கு ஒரே குழப்பம். என்கிட்ட கேட்டார்.

"மாப்ள, வீட்ல நீதான் இன்ஜினியரிங் படிச்சவன். நீ சொல்லு. ஈட்டி எறியறதெல்லாம் ஒரு பொழப்பா? கடைசி வரைக்கும் சோறு போடுமா?"

அக்கா உள்ளேர்ந்து, "ஏன், அந்த நீரஜ் சோப்ராவுக்குப் போடலியா?"ன்னுச்சு.

"அது ஒருத்தருக்குப் போட்டுச்சு. நான் என் பிள்ளைக்குக் கேக்கறேன்"னார் மாமா.

சரியான கேள்வி. 'திறமை இருந்தா போதும், வானமே எல்லை'ன்னு ரெண்டு வரி சொல்லிட்டு என்னால நகர முடியல. அதே மாதிரி, 'விளையாட்டு ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் கலந்தாய்வுல 500 சீட் இருக்கு, அரசு வேலையில மூணு சதவீதம் இருக்கு'ன்னு கணக்கு மட்டும் சொல்லவும் மனசு வரல. ரெண்டும் உண்மைதான். ஆனா ரெண்டுமே பையன் ஜெயிச்சா என்னங்கறதைத்தான் பேசுது. கை வலிச்சா என்னங்கறதைப் பேசல.

ஏன் இதைச் சொல்றேன்னா, ஸ்கூல்ல என்கூட ஒருத்தன் படிச்சான். ஈட்டி, குண்டு ரெண்டுலயும் அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னாடி ஒரு வாரம் காலையில, சாயங்காலம்னு கணக்கே இல்லாம எறிவான். மத்த நாள்ல மைதானம் பக்கமே விட மாட்டாங்க, கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடை வாங்கிப்பார். பத்தாவதுல முழங்கை வலிக்குதுன்னான். சுளுக்கு வழிச்சாங்க. எண்ணெய் போட்டுக் கட்டினாங்க. அடுத்த வாரமே மறுபடி எறிய விட்டாங்க, ஸ்கூலுக்குக் கோப்பை வேணுமே. பன்னெண்டாவது வந்தப்ப அவனால சட்டைப் பித்தானைக் கூட அந்தக் கையால ஒழுங்கா போட முடியல. அவன் கை போச்சுன்னு யாரும் சொல்லல. 'அவன் விளையாட்டை விட்டுட்டான்'னுதான் சொன்னாங்க. இப்ப மொபைல் கடை வெச்சிருக்கான், நல்லா இருக்கான். ஆனா ஒரு டாக்டர் கூட அந்த முழங்கையைப் பார்க்கலங்கறது இன்னிக்கும் எனக்கு உறுத்தும்.

ரிங்குவுக்கும் கை போச்சு. ஆனா அவர் கை போனப்ப அதுக்கு ஒரு பேர் இருந்துச்சு. அதுக்கு ஒரு சிகிச்சை இருந்துச்சு. மேட்ச்சே ஆட முடியாத ஒருத்தரை உடனே அனுப்பாம சீசன் கணக்கா வெச்சிருந்த ஒரு அணி இருந்துச்சு. நீரஜ் சோப்ராவுக்கும் இதே முழங்கைதான். மே 2019-ல ஆபரேஷன். அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்பே போச்சு. அடுத்த ஜனவரியில தென்னாப்பிரிக்காவுல 87.86 மீட்டர் எறிஞ்சு ஒலிம்பிக்குக்குத் தகுதி. ஆகஸ்ட் 2021-ல டோக்கியோவுல 87.58, தங்கம். ஒருத்தர் திரும்பி வந்தார், ஒருத்தரால முடியல. அது யார் கையிலயும் இல்ல. ஆனா வலிச்சதும் நிறுத்தச் சொல்ல, பார்த்துக்க, காத்திருக்க ரெண்டு பேர் பின்னாடியும் ஆள் இருந்துச்சு.

அமெரிக்காவுல பசங்க விஷயத்துல ஒரு நல்ல பழக்கம் வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு எத்தனை பந்து எறியலாம்னு வயசு வாரியா எண்ணிக்கை. 13, 14 வயசுக்கு அதிகபட்சம் 95. அறுபத்தாறுக்கு மேல எறிஞ்சுட்டா நாலு நாள் கட்டாய ஓய்வு. பையன் எவ்வளவு அழுதாலும் மேட்ச் கிடையாது. ஈட்டிக்கு இந்த நம்பர் அப்படியே பொருந்தாது, அது வேற எடை, வேற ஓட்டம். ஆனா எண்ணணும்ங்கற பழக்கம் பொருந்தும்ல?

மாமாகிட்ட சொன்னேன். "பொழப்பான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது மாமா. ரிங்கு, தினேஷ் ரெண்டு பேரையும் முதல் வருஷம் பார்த்து, யாரு நிப்பான்னு அங்க இருக்கறவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. விழுப்புரம் போனா மூணு விஷயம் கேளுங்க. வாரத்துல எத்தனை நாள் எறிய விடுவாங்க? கை வலிச்சா எந்த டாக்டர்கிட்ட காட்டுவாங்க? எறிய முடியாம ஆறு மாசம் உட்கார்ந்தா விடுதியில வெச்சிருப்பாங்களா, வீட்டுக்கு அனுப்புவாங்களா? பதில் நல்லா இருந்தா தைரியமா சேருங்க. படிப்பையும் விட வேணாம்."

மாமா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வண்டி வாங்கறப்ப கூட சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு கேட்டுத்தான் வாங்கினேன். இதைக் கேக்கணும்னு தோணலியே"ன்னார். ரிங்கு அப்பாவும் லாரி டிரைவர்னு அப்பதான் சொன்னேன். "அப்படியா?"ன்னு கேட்டுட்டு, ரிங்கு போட்டோவை மொபைல்ல காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

தேர்வு இன்னும் வரல. இடையில பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். தேதி, எத்தனை எறிஞ்சான், வலி இருந்துச்சா இல்லையா, மூணே காலம். எக்ஸெல்ல போட்டுத் தர்றேன்னேன், அக்கா முறைச்சதுல நோட்டோட நிறுத்திக்கிட்டேன் :-) ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். திங்கள் 30, வலி இல்ல. செவ்வாய் 28, வலி இல்ல. புதன் 41, 'லேசா'. வியாழனுக்கு நேரா அவனே பெருசா ஒரு சைபர் போட்டு, அதுக்குப் பக்கத்துல, "அப்பா வேணாம்னு சொல்லிட்டார்"னு எழுதி வெச்சிருக்கான்.